குழிமுனைத் தோட்டாவின் நீளத்தில் நான் சறுக்கிய கதை: உங்களுக்கும் நேர்ந்ததுண்டா?

ஆஸ்டின்_குழல்

மூன்று வாரங்களாக ஒரே காட்சி கண்முன் வந்துகொண்டிருப்பதால் எழுதிவிடுகிறேன். 9 மி.மீ. பிஸ்டல் தோட்டாக்களை வீட்டிலேயே நிரப்பத் தொடங்கி (பித்தளை உறையில் வெடிமருந்தைக் கொட்டி, அதன் வாயில் குண்டை அமர்த்துவது) நான்கு ஆண்டுகள் ஆகின்றன. இதுவரை உருண்டை முனைக் குண்டுகளையே 1.150 அங்குல மொத்த நீளத்தில் நிரப்பி வந்தேன். போட்டிக்குத் துல்லியம் வேண்டும் என்று இந்த முறை 124 கிரெய்ன் (குண்டின் எடை அளவு) ஹார்னடி எக்ஸ்டிபி குழிமுனைக் குண்டுகளை, அதாவது பட்டதும் விரிவதற்காக முனையில் குழி விட்டவற்றை, வாங்கினேன். தோட்டா நிரப்பும் கையேட்டில் 1.060 என்று போட்டிருந்தது. எனக்கு அது நம்பமுடியாத குட்டையாகத் தோன்றியது. குண்டை ஆழமாக அமர்த்தினால் அழுத்தம் ஏறும் என்று படித்திருந்தேன். ஆகவே நீளமாக வைப்பதுதான் பாதுகாப்பு என்று நானே ஒரு முடிவுக்கு வந்து, 1.125இல் நிறுத்தினேன். என்னிடம் இருந்த க்ளாக் 17இல் ஐம்பது தோட்டாக்கள் எந்தத் தடங்கலும் இல்லாமல் ஓடின.

போட்டிக்கு எடுத்துச் சென்றதோ புதிதாக வாங்கிய வேறொரு ஐரோப்பியப் பிஸ்டல். முதல் தோட்டாவை ஏற்றியதும் ஸ்லைடு (பிஸ்டலின் மேலே முன்பின் நகரும் பகுதி) முழுதாக மூடவில்லை. இரண்டு மில்லிமீட்டர் பின்னாலேயே நின்றுவிட்டது. உள்ளங்கையால் ஒரு தட்டுத் தட்டினேன், அது இன்னும் இறுகியது. பின்னால் இழுத்தேன், வரவில்லை. நடுவர் அருகில் வந்து, குழல் முகப்பு மண்மேட்டை நோக்கியே இருக்கட்டும் என்று அமைதியாகச் சொன்னார். இரண்டு கைகளாலும் பற்றி இழுத்தபோது ஸ்லைடு சட்டென்று திறந்தது, பித்தளை உறை மட்டும் வெளியே வந்தது, குண்டு குழலின் உட்புறச் சுழல் வரிகளான புரிகளைக் கவ்வியபடி உள்ளேயே தங்கிவிட்டது. உறையில் இருந்த மருந்து முழுவதும் ரவை கொட்டியதுபோல் மேகசின் மேலும் விசைமேலும் என் மணிக்கட்டு மேலும் சரிந்தது. அந்தச் சாம்பல் நிற மணிகள் விசையின் இடுக்குகளில் இறங்கியதைப் பார்த்துக்கொண்டு நான் நின்ற அந்த சில நொடிகள்தான் இன்னும் போகவில்லை.

வீட்டுக்கு வந்து குழலைத் தனியே கழற்றி, மிஞ்சிய தோட்டாக்களை ஒவ்வொன்றாக அறைக்குள் (குழலின் பின்முனையில் தோட்டா அமரும் இடம்) விட்டுப் பார்த்தேன். ஒன்றுகூட ‘ப்ளங்க்’ என்று விழவில்லை. நான் ஒப்பிட்டது முனையை. புரிகளில் முட்டியதோ முனைக்குப் பின்னால் இருக்கும் தோள். குழிமுனைக் குண்டுக்கு மூக்கு வெட்டப்பட்டிருப்பதால், அதே மொத்த நீளத்தில் அதன் பருத்த தோள் உருண்டை முனையைவிட மிகவும் முன்னால் நிற்கிறது. இது தெரியாமல் நான்கு ஆண்டுகள் ஓட்டியிருக்கிறேன்.

பழைய_நாற்பத்தைந்து

உங்களுக்கு நீளம் கூடிப்போனதில் வந்தது. எனக்குக் குறைந்துபோனதில் வந்தது. நான் அரிசோனாவில் 1911 வகைப் பிஸ்டல் வைத்திருப்பவன். அந்தத் துப்பாக்கி பிறந்த காலத்தில் அதை வடிவமைத்த ஜான் பிரௌனிங் மனத்தில் வைத்திருந்தது 230 கிரெய்ன் உருண்டை முனைத் தோட்டாவைத்தான் என்பது இங்குள்ள அனைவருக்கும் தெரியும். எனக்கோ 200 கிரெய்ன் ஸ்பியர் குழிமுனைமேல் ஆசை. வாய் அகலத்துக்காக அமெரிக்கர்கள் ‘பறக்கும் சாம்பல் கிண்ணம்’ என்று பெயர் வைத்தார்களே, அதேதான்.

சுடுதளத்தில் இரண்டாவது தோட்டா மேகசினிலிருந்து கிளம்பி, தலை கவிழ்ந்து, தோட்டாவை அறைக்குள் ஏற்றிவிடும் சரிவின் அடியில் முட்டி நின்றது. எடுத்துப் பார்த்தபோது அந்த அகன்ற வாய் ஒரு பக்கம் நசுங்கி, மிதிபட்ட சுண்ணாம்பு டப்பாபோல் இருந்தது. ஏழு தோட்டாக்களில் மூன்று இப்படி. துப்பாக்கி பழுதுபார்க்கும் ஒருவரிடம் கொடுத்து, சரிவைக் கண்ணாடியாகத் தேய்த்து வாங்கினேன். கைக்காசு போனதுதான் மிச்சம், நசுங்கல் நிற்கவில்லை.

பிறகுதான் மேகசினின் உதடுகளை, அதாவது தோட்டாவைப் பிடித்து நிறுத்தும் அதன் மேல் விளிம்புகளை, கவனித்தேன். பழைய ராணுவ வடிவ மேகசினில் உதடுகள் முன்னோக்கிப் படிப்படியாக அகலும். தோட்டா மெல்ல மெல்லத் தலை நிமிர்ந்து, பின்பக்கம் தாமதமாகத்தான் விடுபடும். அந்தத் தாளம் ஏறத்தாழ 1.270 அங்குல நீளத்துக்குப் போட்ட தாளம். குட்டைத் தோட்டா அதில் தலை நிமிரும் முன்பே சரிவின் அடிப்பகுதியைப் போய் இடித்துவிடுகிறது. குட்டைத் தோட்டாக்களுக்கென்றே சீக்கிரம் விடுவிக்கும் உதடுகள் கொண்ட மேகசின்கள் உண்டு. நான் இரண்டையும் செய்தேன்: அப்படிப்பட்ட மேகசின் ஒன்றை வாங்கினேன், தோட்டாவையும் குழல் அனுமதிக்கும் வரை சில தௌ நீட்டினேன். இப்போது ஓடுகிறது. எது காரணம் என்று கேட்டால் சொல்லத் தெரியாது, ஏனெனில் இரண்டையும் ஒரே நாளில் மாற்றித் தொலைத்தேன்.

‘தௌ’ என்றால் என்ன என்று புதியவர் யாரும் கேட்பதற்குள் சொல்லிவிடுகிறேன்: அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு. கோயம்புத்தூர் லேத் பட்டறையில் கற்ற சொல் அது, இங்கே வந்தும் விடவில்லை.

ஓஹையோ_வெர்னியர்

ஆஸ்டின் நண்பரே, தவறாக எடுத்துக்கொள்ள வேண்டாம். நீளத்தின்மேல் பழி போடுகிறீர்கள், ஆனால் உங்கள் குண்டு உறையைவிட்டு அவ்வளவு எளிதாகக் கழன்று வந்தது என்றால், உறை அதை இறுகப் பிடித்திருக்கவில்லை என்றே எனக்குத் தோன்றுகிறது. என் கதை அதைப் பற்றியதுதான்.

வீட்டில் படுக்கையருகே பெட்டகத்தில் ஒரு பிஸ்டல் வைத்திருக்கிறேன். உறவினர் குழந்தைகளோடு வரும்போதெல்லாம் அதைக் காலி செய்து, அவர்கள் போனபின் மீண்டும் ஏற்றுவேன். எப்போதும் அதே மேல் தோட்டாதான். ஒரு ஞாயிற்றுக்கிழமை துடைப்பதற்காக எல்லாவற்றையும் சாப்பாட்டு மேசையில் நிற்க வைத்தபோது, அந்த ஒரு தோட்டா மட்டும் அண்ணன்மார் நடுவே நிற்கும் கடைக்குட்டிபோல் குள்ளமாக இருந்தது. வெர்னியர் வைத்தேன். மற்றவை 1.118, அது 1.074. ஒவ்வொரு முறையும் சரிவில் இடிபட்டு இடிபட்டு, நாற்பத்து நான்கு தௌ உள்ளே போயிருக்கிறது. அதைச் சுட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்தபோது எனக்குக் கை நடுங்கியது. ஸ்பியரின் பழைய கையேடு ஒன்றில் 9 மி.மீ. பற்றி ஓர் எச்சரிக்கை உண்டு: 28,000 சி.யு.பி. (அழுத்தத்தை அளக்கும் ஓர் அலகு) அழுத்தம் தந்த ஒரு கலவை, குண்டை வேண்டுமென்றே முப்பது தௌ ஆழமாக அமர்த்தியதும் 62,000 வரை ஏறியதாம். சிறிய உறை, வேகமாக எரியும் மருந்து; உள்ளே இருக்கும் இடம் குறைந்தால் விளைவு அப்படித்தான்.

இனி நான் சொல்லப்போவதை அனைவரும் செய்து பாருங்கள். நிரப்பிய தோட்டாவின் நீளத்தை அளந்துகொண்டு, அதன் முனையை மேசை விளிம்பில் வைத்துக் கட்டைவிரல்களால் நன்றாக அழுத்துங்கள். மறுபடி அளங்கள். குறைந்திருந்தால் பிடி போதாது. உடனே பலரும் செய்வது, வாய்ப் பகுதியை இன்னும் இறுக்கிக் கிரிம்ப் செய்வது. நானும் அதைத்தான் செய்தேன், அது நோயை முற்றவைத்தது. பித்தளை வளைந்தால் சற்றுத் திரும்பி விரியும். உள்ளிருக்கும் ஈயம் அப்படித் திரும்பாது. அளவுக்கு மீறி நெரித்தால் குண்டு ஒடுங்கிப்போகும், உறை தளர்ந்து விலகும், பிடி முன்னைவிடக் குறையும். பிடியைத் தருவது உறையைச் சரியான அளவுக்குச் சுருக்குவதும், வாயை விரிக்கும் கருவியின் பருமனும்தான். கிரிம்ப்பின் வேலை, விரித்த வாயை மீண்டும் நேராக்குவதோடு முடிந்தது. அதிலும் 9 மி.மீ. உறை தன் வாயின் விளிம்பில்தான் அறைக்குள் நிற்கிறது. ஆகவே விளிம்பை உள்ளே சுருட்டிவிட்டால் நிற்க இடமே இருக்காது.

இன்னொன்று. மார்க்கர் பேனாவால் தோட்டா முழுவதையும் கறுப்பாக்கி, கழற்றிய குழலுக்குள் விட்டுத் திருகிப் பாருங்கள். கறுப்பு குண்டின் தோளில் உரசியிருந்தால் நீளம் குற்றம். உறையின் வாயில் உரசியிருந்தால் கிரிம்ப் குற்றம். ஆஸ்டின் நண்பர் இதைச் செய்தாரா என்று தெரியவில்லை.

ஆஸ்டின்_குழல்

செய்தேன் ஐயா. தோளில் ஆறு கோடுகள், புரிக்கு ஒன்றாக, எண்ணிவிடும்படித் தெளிவாக விழுந்திருந்தன. உறையின் வாயில் ஒரு கீறலும் இல்லை. குண்டு கழன்றதற்குப் பிடி காரணமில்லை. நான் உள்ளங்கையால் அடித்து அதைப் புரிக்குள் ஆப்பு வைத்துவிட்டேன், பிறகு முழு பலத்தோடு இழுத்தேன். எந்தப் பிடியும் அதற்குத் தாங்காது.

ஜெர்சி_அண்ணாச்சி

படுக்கையருகே கையால் நிரப்பிய தோட்டா வைத்திருப்பதாக ஓஹையோ நண்பர் எழுதியிருப்பதைப் படித்ததும் சும்மா இருக்க முடியவில்லை. தற்காப்புக்குத் தொழிற்சாலைத் தோட்டாவையே வையுங்கள் என்று தற்காப்புத் துப்பாக்கிப் பயிற்சியாளர் மசாட் அயூப் பல ஆண்டுகளாகச் சொல்லி வருகிறார்: எவ்வளவு தூரத்திலிருந்து சுடப்பட்டது என்று நீதிமன்றத்தில் நிறுவ வேண்டி வந்தால், நீங்கள் உங்கள் மேசையில் எதை நிரப்பினீர்கள் என்பதற்கு உங்கள் நோட்டுப்புத்தகத்தைத் தவிர சாட்சி இல்லை. எங்கள் நியூ ஜெர்சி மாநிலத்தில் குழிமுனைத் தோட்டாவுக்கே தனிச் சட்டம் உண்டு. வீட்டில் வைத்திருக்கலாம், சுடுதளத்துக்குக் கொண்டு போகலாம், மற்றபடி இடுப்பில் கட்டிக்கொண்டு சுற்ற முடியாது. என் சொந்த அனுபவம் என்று சொல்வதற்கு, சுடுதள வாசலில் ஒரு காவலர் என் பெட்டியைத் திறக்கச் சொல்லி, ஒவ்வொரு தோட்டாவின் வாயையும் டார்ச் அடித்துப் பார்த்த பதினைந்து நிமிடங்கள் உண்டு. அது நீளத்தைப் பற்றியது அன்று என்பதால் விட்டுவிடுகிறேன்.

ஓஹையோ_வெர்னியர்

அண்ணாச்சி, பெட்டகத்தில் இருந்தவை தொழிற்சாலைத் தோட்டாக்கள் என்று நான் எழுதாமல் விட்டது என் பிழை. உள்ளே தள்ளப்படுவதில் தொழிற்சாலைக்கும் மேசைக்கும் வேறுபாடு இல்லை என்பதற்காகத்தான் சொன்னேன். இப்போது ஏற்றி இறக்கிய தோட்டாவை அடுத்த முறை மேலே வைப்பதில்லை. இரண்டு முறை அறைக்குள் போய் வந்ததைத் தனிப் பெட்டியில் போட்டு, நீளம் மாறியிருந்தால் பிரித்துவிடுகிறேன். கிரிம்ப்பை மட்டும் என் மேசையில் சோதித்துக் கற்றேன்.

நெம்புகோல்

நீளம் எவ்வளவு என்று எல்லோரும் பேசுகிறீர்கள். எழுதி வைத்த நீளம் உண்மையிலேயே வருகிறதா என்று யாரும் கேட்கவில்லை. நான் படிப்படியாகச் சுழலும் அச்சில் நிரப்புபவன்; நெம்புகோலை ஒரு முறை இழுத்தால் தட்டில் இருக்கும் பல உறைகளில் ஒரே நேரத்தில் வெவ்வேறு வேலை நடக்கும். ஓர் இரவு முதல் தோட்டாவை அளந்து 1.120இல் அமைத்துவிட்டு, பாட்டுக் கேட்டபடி முந்நூறு அடித்துத் தள்ளினேன். மறுநாள் அளந்தால் 1.124, 1.126, ஒன்றிரண்டு 1.128. அமைப்பு நகரவில்லை. முதல் தோட்டாவை அளந்தபோது தட்டில் அது ஒன்றுதான் இருந்தது. பிறகு எல்லா நிலைகளிலும் உறைகள் நிரம்பியதும், அவற்றைச் சுருக்குவதற்கான விசையில் தட்டு இம்மியளவு சாய்ந்து, அமர்த்தும் இடத்தில் நீளம் கூடிவிட்டது. தட்டு நிறைந்திருக்கும்போது அளப்பதுதான் அளவு.

அதைவிட என்னைக் குத்தியது வேறொன்று. அந்த முந்நூறையும் மேசை விளக்கின் கீழ் சாய்த்துப் பார்த்தபோது, ஒவ்வொரு குழிமுனையின் வாயைச் சுற்றியும் ஒரு மெல்லிய வட்டம், மோதிரம் போட்டதுபோல். உருண்டை முனைக்கான அமர்த்தும் தண்டையே மாற்றாமல் வைத்திருந்தேன். அதன் குழிந்த விளிம்பு குழிமுனையின் ஓரத்தை அழுத்தி உள்ளே மடித்திருந்தது. சில குண்டுகளில் அதிகம் மடிந்தன, சிலவற்றில் குறைவு. நீளம் ஆடியதற்கு அதுவும் ஒரு பங்கு. சுட்டுப் பார்த்ததில் எல்லாம் ஏறின, எல்லாம் தாளில் துளை போட்டன. ஆனால் விரிவதற்காகக் காசு கொடுத்து வாங்கிய வாயை நானே பாதி மூடிவிட்டேன் என்பதை ஏற்றுக்கொள்ள முடியவில்லை. தட்டையான தண்டு ஒன்று வாங்க எனக்குத் தபால் செலவையும் சேர்த்து ஒரு வேளைச் சாப்பாட்டுக் காசுகூட ஆகவில்லை.

பழைய நாற்பத்தைந்து அவர்களுக்கு ஒரு வார்த்தை: இரண்டையும் ஒரே நாளில் மாற்றியது போகட்டும், அந்தப் பழைய மேகசினில் புதிய நீளத்தைப் போட்டுப் பாருங்களேன். மருந்தும் அதைப் பற்றவைக்கும் பிரைமரும் இல்லாத டம்மித் தோட்டாக்கள் ஏழு செய்தால் போதும், வீட்டிலேயே தெரிந்துவிடும்.

பழைய_நாற்பத்தைந்து

செய்து பார்த்தேன். டம்மி ஏழும் கையால் இழுத்தபோது ஏறின. சுடுதளத்தில் உண்மைத் தோட்டாக்கள் ஏழில் ஒன்று முட்டியது. ஸ்லைடு தானாக வரும் வேகமும் நான் கையால் விடும் வேகமும் ஒன்றல்ல என்பதால் டம்மியின் சான்றிதழை நான் முழுதாக நம்புவதில்லை, தம்பி. பழைய மேகசினைப் பரணில் போட்டுவிட்டேன்.

ஆஸ்டின்_குழல்

கடைசியில் எந்த நீளத்தில் நின்றேன் என்பதையும் எழுதிவிடுகிறேன். புதிய பிஸ்டலின் குழலில் இந்தக் குண்டு புரியைத் தொடும் நீளம் 1.083 என்று கண்டேன். அங்கிருந்து இருபது தௌவுக்குமேல் உள்ளே இறக்கி, கையேட்டின் 1.060இலேயே வந்து நிற்கிறேன். நீளம் குறைந்ததால் மருந்தைப் பழைய அளவில் விடாமல், கையேட்டின் தொடக்க அளவுக்கு இறங்கி, மீண்டும் படிப்படியாக ஏறினேன். சிஇசட் 75 என்னும் செக் நாட்டுப் பிஸ்டல் குடும்பத்தில் புரி தொடங்கும் இடம் அறைக்கு மிக அருகில் இருக்கும் என்று இத்தனை நாளாக எல்லோரும் சொல்வதைக் கேட்டும், என் துப்பாக்கி அந்த வம்சம் என்பதைப் பொருத்திப் பார்க்காமல் இருந்திருக்கிறேன். க்ளாக்கில் ஓடியது என் துப்பாக்கிக்குச் சாட்சியம் ஆகவில்லை.

நேற்று அதே 124 கிரெய்னில் வேறு நிறுவனத்தின் குழிமுனைக் குண்டுகள் ஒரு பெட்டி வந்தது. இன்னும் அச்சைத் தொடவில்லை. குழல் மட்டும் கழற்றப்பட்டு, மார்க்கர் பேனாவோடு மேசைமேல் இருக்கிறது.