ஆபரேஷன் முடிந்த இரண்டாம் ராத்திரி: உங்கள் வீட்டிலும் இப்படி நடந்ததா?

பாலக்கோட்டுக்காரன்:
அம்மாவுக்கு 71 வயது. போன ஆடியில் புழக்கடையில் பாசி வழுக்கி விழுந்ததில் இடுப்பெலும்பு முறிந்துவிட்டது. தர்மபுரியில் ஒரு ஆஸ்பத்திரியில் சேர்த்தோம், மூன்றாம் நாள் ஆபரேஷன். முழு மயக்கம் கொடுக்கவில்லை, முதுகில் ஊசி போட்டுத்தான் செய்தார்கள். வெளியே வந்ததும் "மாட்டுக்குத் தண்ணி காட்டினியா?" என்றுதான் முதலில் கேட்டார். சரி, ஆள் தெளிவாக இருக்கிறார் என்று நாங்கள் டீ குடிக்கப் போனோம்.

மறுநாள் ராத்திரி எட்டு மணிக்கு மேல் ஆரம்பித்தது. பெட்ஷீட்டின் ஓரத்தை இரண்டு கையாலும் பிடித்து, பெருவிரலால் எதையோ பிதுக்கி இடது பக்கம் போட்டுக்கொண்டே இருந்தார். அரை மணி நேரம் பார்த்த பிறகுதான் எனக்கு உறைத்தது. புளியில் கொட்டை எடுக்கிறார். முப்பது வருஷமாக சீசனுக்கு சீசன் செய்த வேலை. ஓட்டைத் தட்டி, நாரை உரித்து, கொட்டையைப் பிதுக்கித் தள்ளும் அதே வேகம். "கூடையை நகத்துடா, இடமில்ல" என்று என்னைத் திட்டினார். பெயரைச் சொல்லித் திட்டியபோதுதான் தெரிந்தது, என்னைத் தன் தம்பி என்று நினைத்திருக்கிறார். மாமா இறந்து பன்னிரண்டு வருஷம் ஆகிறது.

அப்புறம் ட்ரிப்ஸ் ஊசியைப் பிடுங்கிவிட்டார். பெட்ஷீட் முழுக்க ரத்தம், வார்டே எழுந்து உட்கார்ந்துவிட்டது. "முதுகுல போட்ட ஊசி மூளைக்கு ஏறிடுச்சு" என்றார் பக்கத்துப் படுக்கைக்காரர். ஆஸ்பத்திரியில் எத்தனை உயிர் போயிருக்கும், காத்து பட்டிருக்கும் என்றார் பெரியம்மா. விடிவதற்குள் திருநீறு வந்துவிட்டது. பெரியம்மா மேல் எனக்குக் கோபம் இல்லை, அவருக்குத் தெரிந்தது அதுதான். டூட்டியில் இருந்தவர் "வயசானவங்களுக்கு இப்படி வரும், சரியாயிடும்" என்று சொல்லிவிட்டு நகர்ந்தார். அதையே ஆபரேஷனுக்கு முன்னால் சொல்லியிருந்தால், கையைப் பிடித்துக்கொண்டு பேசாமல் உட்கார்ந்திருப்பேன். அன்றைக்கு நான் செய்தது, அம்மாவோடு சண்டை போட்டது. "மாமா செத்துட்டாரும்மா" என்று கத்தினேன். அவர் அப்போதுதான் கேள்விப்பட்டதுபோல அழுதார்.

பகலில் தெளிவு, இருட்டினால் குழப்பம். ஐந்து நாள் இப்படியே போனது. வீட்டுக்கு வந்ததும் அது நின்றுவிட்டது. இப்போது வேறு கவலை. அம்மாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது, ஆனால் தெருவில் 20 பேர் சேர்ந்த சீட்டு அவர் தலைக்குள்தான் இருந்தது. யார் எடுத்தார்கள், யார் எவ்வளவு தள்ளி எடுத்தார்கள், யார் பாக்கி, எதைக் கேட்டாலும் சொல்வார். வந்து ஒன்றரை மாதம் ஆகிறது. போன வாரம் ஒருவர் கொடுத்த பணத்தைத் தலையணைக்கு அடியில் வைத்துவிட்டு, மறுநாள் அதே பணத்தைக் கேட்டு அவர் வீட்டுக்கு ஆள் அனுப்பிவிட்டார். தெருவில் பேச்சாகிவிட்டது. இது திரும்புமா? யாருக்காவது அனுபவம் இருந்தால் எழுதுங்கள்.

காவேரிப்பட்டணம் மண்டி:
எங்கள் அப்பாவுக்கு பெங்களூரில் பைபாஸ். அவர் கத்தவில்லை, எதையும் பிடுங்கவில்லை. சும்மா படுத்திருந்தார். கூப்பிட்டால் கண்ணைத் திறப்பார், ஒரு வார்த்தை சொல்வார், மறுபடி மூடிக்கொள்வார். "பாவம், அசதி, தூங்கட்டும்" என்று நாங்கள் சத்தம் போடாமல் இருந்தோம். நல்ல பேஷண்ட் என்று பாராட்டு வேறு. இரண்டு நாள் கழித்துத்தான் அதுவும் குழப்பம்தான் என்று தெரிந்தது. சிறுநீரில் கிருமி, ரத்தத்தில் சோடியமும் குறைவு. அதைச் சரிசெய்த பிறகுதான் ஆள் முழித்தார். கத்துகிறவர்களை எல்லோரும் கவனிக்கிறார்கள், அமைதியாக இருப்பவர்களைத்தான் விட்டுவிடுகிறோம்.

வீட்டுக்கு வந்தபின் ஆறு மாதம் பேப்பரில் ஒரே பக்கத்தைத் திரும்பத் திரும்பப் படித்தார். மாம்பழ சீசனுக்குள் தேறிவிட்டார். ஆனால் முன்பிருந்த சுறுசுறுப்பு அப்படியே வந்ததா என்றால், ரூபாய்க்கு எண்பது பைசா வந்தது என்பேன்.

ரிட்டயர்டு நர்ஸ், கிருஷ்ணகிரி:
நான் டாக்டர் இல்லை. வார்டில் 31 வருஷம் இருந்தவள், பார்த்ததையும் படித்ததையும் சொல்கிறேன்.

தம்பி, உங்கள் அம்மாவுக்கு வந்தது இரண்டு விஷயம். ராத்திரிக் குழப்பத்தை டெலிரியம் என்பார்கள். ஆபரேஷன் ஆன ஒன்றிரண்டு நாளில் திடீரென்று வரும், ஒரே நாளில் ஏறி இறங்கும், பொழுது சாய்ந்தால் கூடும். இடுப்பெலும்பு முறிந்த வயசானவர்களிடம் சர்வ சாதாரணம். சீட்டுக் கணக்கு தடுமாறுவது மற்றது. மெதுவாகத் தெரியும், வாரக்கணக்கில், சிலருக்கு மாதக்கணக்கில் இழுக்கும். 1998-ல் லான்செட் என்ற மருத்துவ இதழில் வந்த பெரிய ஆய்வு இதைத்தான் அளந்தது. 60 வயதுக்கு மேல், இதயம் தவிர மற்ற பெரிய ஆபரேஷன் செய்துகொண்ட 1218 பேர். ஒரு வாரத்தில் ஏறக்குறைய நான்கில் ஒருவருக்குத் தடுமாற்றம். மூன்று மாதத்தில் அது பத்தில் ஒருவர் ஆனது. ஆபரேஷனே செய்யாத அதே வயதுக்காரர்களிலும் 100-க்கு 3 பேர் அதே ஞாபக, கவனச் சோதனையில் தடுமாறினார்கள் என்பதையும் சேர்த்துப் படியுங்கள். ஒன்றரை மாதம் என்பது பயப்படும் கணக்கு இல்லை.

முதுகு ஊசிப் பேச்சு நான் வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து கேட்பது. முழு மயக்கம் கொடுத்திருந்தால் வந்திருக்காது என்பார்கள், முழு மயக்கம் கொடுத்த வீட்டில் அதையே மாற்றிச் சொல்வார்கள். இடுப்பு முறிவு ஆபரேஷனில் இரண்டையும் ஒப்பிட்ட பெரிய ஆய்வுகள் 2021-லும் 2022-லும் வந்தன. டெலிரியம் வருவதில் இரண்டுக்கும் சொல்லத்தக்க வித்தியாசம் இல்லை. வயசு, ஏற்கெனவே இருக்கும் மறதி, வலி, தூக்கமின்மை, தண்ணீர் குறைவது, கிருமி, சிறுநீர் அடைப்பு, மலச்சிக்கல், சில மாத்திரைகள் என்று பல சேர்ந்துதான் தள்ளுகின்றன.

நீங்கள் அழவைத்ததை நினைத்து வருந்தாதீர்கள், எல்லோரும் செய்வதுதான். மறுத்துச் சண்டை போடவும் வேண்டாம், ஆமாம் போட்டு ஏற்றிவிடவும் வேண்டாம். "நான் உன் பையன்மா, தர்மபுரியில் இருக்கோம், கால் ஆபரேஷன் முடிஞ்சுது" என்று மெதுவாகச் சொல்லிக்கொண்டே இருந்தால் போதும். கண்ணாடி, காது மெஷின், பல்செட் மூன்றையும் "தொலைந்துவிடும்" என்று வீட்டில் வைத்துவிட்டு வருகிறார்கள். கண்ணும் காதும் இல்லாமல் தெரியாத இடத்தில் கிடந்தால் நமக்கே குழம்பும். பகலில் ஜன்னலைத் திறந்து வெளிச்சம் விடுங்கள், டாக்டர் சொன்ன உடனே எழுப்பி உட்காரவையுங்கள், தெரிந்த முகம் ஒன்று பக்கத்தில் இருக்கட்டும். "தூங்க ஒரு மாத்திரை குடுங்க சிஸ்டர்" என்று நச்சரிக்காதீர்கள். பல தூக்க மாத்திரைகள் இந்தக் குழப்பத்தைக் கூட்டும்.

இன்னொன்று, வெட்கப்படாமல் சொல்லவேண்டியது. தினமும் குடிப்பவர் என்றால் ஆபரேஷனுக்கு முன்னாலேயே டாக்டரிடம் சொல்லிவிடுங்கள். குடும்ப மானம் என்று மறைப்பார்கள், இரண்டு மூன்று நாளில் கை நடுங்கி ஆள் தாறுமாறாகும்போது எங்களுக்குக் காரணம் தெரியாமல் திண்டாடுவோம். அது உயிருக்கே ஆபத்து.

தேன்கனிக்கோட்டை பேத்தி:
எங்கள் அவ்வா பிறந்தது ஆனேக்கல் பக்கம். கல்யாணமாகி வந்து ஐம்பது வருஷமாகத் தமிழும் தெலுங்கும்தான். பித்தப்பை ஆபரேஷன் ஆன மறுநாள் சுத்தமான கன்னடத்துக்குப் போய்விட்டார். யாருக்கும் புரியவில்லை, உளறல் என்று விட்டுவிட்டோம். கூட்ட வந்த அக்கா நின்று பார்த்துவிட்டு, "உளறல் இல்ல கண்ணு, தண்ணி கேக்குறாங்க, விடிஞ்சதுல இருந்து கேக்குறாங்களாம்" என்றார். தண்ணீர் கொடுத்து, அந்த அக்கா பத்து நிமிஷம் கன்னடத்தில் பேசிக்கொண்டிருந்தார். அவ்வா அடங்கிவிட்டார்.

அரூர்:
எல்லோரும் சரியாகிவிட்டது என்கிறீர்கள். என் மாமனார் சரியாகவில்லை. இரண்டு வருஷமாகிறது, வீட்டு வழி தெரியவில்லை. மயக்க ஊசிதான் காரணம் என்று எங்கள் வீட்டில் இன்றைக்கும் சண்டை.

ரிட்டயர்டு நர்ஸ், கிருஷ்ணகிரி:
அரூர் சகோதரி, வருத்தமாக இருக்கிறது. ஆபரேஷனுக்கு ஒரு வருஷம் முன்னால் எப்படி இருந்தார் என்று மாமியாரிடம் தனியாகக் கேட்டுப் பாருங்கள். சாவியை மறந்தது, சொன்னதையே சொன்னது என்று பல வீடுகளில் அப்போதுதான் வெளியே வரும். ஏற்கெனவே உள்ளே தொடங்கியிருந்த மறதி ஆபரேஷனுக்குப் பிறகு பளிச்சென்று தெரிந்திருக்கலாம். டெலிரியம் வந்தவர்களுக்குப் பின்னாளில் மறதி நோய் வருவது அதிகம் என்பதும் உண்மை. எது எதனால் என்று இங்கே உட்கார்ந்து நான் சொன்னால் தப்பு. நரம்பு டாக்டரிடம் ஒருமுறை காட்டுங்கள். தைராய்டு, பி12 பார்ப்பார்கள், அவை சரிசெய்யக்கூடியவை.

பாலக்கோட்டுக்காரன்:
மாசி வந்துவிட்டது, ஒரு தகவல் சொல்லலாம் என்று வந்தேன். சீட்டுக்கு என் பெண் நோட்டுப் போட்டாள். அம்மாவுக்கு அது அவமானம். முதல் இரண்டு மாதம் நோட்டை மூடச் சொல்லிவிட்டுத் தானாகச் சொல்லிப் பார்ப்பார், பாதியில் நிற்பார். இப்போது 20 பேரில் பதினேழு பதினெட்டு பேரைச் சரியாகச் சொல்கிறார். போன வாரம் நோட்டில் இருந்த ஒரு தப்பை அவர்தான் பிடித்தார். அடுப்பில் பால் வைத்ததை மட்டும் இன்னமும் மறக்கிறார்.

புளி வந்து இறங்கிவிட்டது. கால் நீட்டி உட்கார்ந்து கொட்டை எடுக்கிறார், கையில் எந்தத் தடுமாற்றமும் இல்லை. நேற்று கூடையை நகர்த்தி வைத்தேன். தலையைத் தூக்காமல், "அன்னைக்கு ஆஸ்பத்திரிக்கு வந்தானே என் தம்பி, ஒரு வாய் தண்ணி கூடக் குடிக்காம போயிட்டான்" என்றார்.

நர்ஸம்மா, நீங்கள் சொன்னது ஞாபகம் இருந்தது. ஆனாலும் "மாரண்டஅள்ளி கடைசி பஸ்ஸும்மா" என்றுதான் வாயில் வந்தது.