வீட்டுக் கணினியையும் அதைச் சார்ந்த கருவிகளையும் அணைக்காமலே வைத்திருக்கலாமா?

கேள்வி

வணக்கம். எங்கள் வீட்டில் ஒரு மேசைக் கணினி, மானிட்டர், மடிக்கணினி, இங்க்ஜெட் பிரிண்டர், இணைய ரவுட்டர், இவற்றுக்கு மின்சாரம் தரும் ஒரு யூ.பி.எஸ். ஆகியவை ஒரே மேசையில் இருக்கின்றன. முந்தைய நாள் விட்ட இடத்திலிருந்தே காலையில் வேலையைத் தொடர வேண்டும் என்பதற்காக நான் எதையும் அணைப்பதில்லை. என் தந்தையோ இரவு படுக்கப் போகும் முன் சுவரில் உள்ள சுவிட்சையே அணைத்துவிடுகிறார். சென்ற வாரம் அவர் அப்படி அணைத்தபோது, யூ.பி.எஸ். சிறிது நேரம் கூவிக்கொண்டிருந்துவிட்டு ஓய்ந்துபோக, கணினியும் நின்று, நான் பாதி எழுதியிருந்த கோப்பு ஒன்று திறக்கவே முடியாதபடி கெட்டுப்போயிற்று.

அடிக்கடி அணைத்துப் போட்டால் கருவிகள் விரைவில் பழுதாகும் என்று நான் கேள்விப்பட்டிருக்கிறேன்; ஓய்வில்லாமல் ஓடினால்தான் பழுதாகும் என்கிறார் அவர். இதில் எது சரி? மின்செலவில் எவ்வளவு வேறுபாடு வரும் என்பதையும் தெரிந்தவர்கள் விளக்கினால் உதவியாக இருக்கும்.

பதில் 1

நீங்கள் கேள்விப்பட்டது பழைய காலத்தில் உண்மையாக இருந்த செய்தி. 1940-களில் உருவான எனியாக் கணினியில் பதினேழாயிரத்துக்கும் மேற்பட்ட வெற்றிடக் குழாய்கள் இருந்தன. அவை பெரும்பாலும் சூடேறும்போதும் குளிரும்போதும்தான் பழுதாயின என்பதால் அதை இயன்றவரை அணைக்காமலே வைத்திருந்தார்கள். சூடும் குளிர்ச்சியும் மாறி மாறி வரும்போது உலோகம் விரிந்து சுருங்குவதும், பற்றவைப்புகள் தளர்வதும் இன்றும் உள்ளவைதான். ஆனால் வீட்டில் ஒரு நாளைக்கு ஓரிரு முறை அணைத்துப் போடுவதால் வரும் தேய்மானம் மிகக் குறைவு. சுழலும் ஹார்டு டிஸ்க்குகள் பலவற்றுக்கு ஐம்பதாயிரம் முறை நின்று கிளம்பும் திறன் உண்டு என்று தயாரிப்பாளர்களே குறிப்பிடுகிறார்கள். நாளொன்றுக்குப் பத்து முறை அணைத்துப் போட்டாலும் அந்தக் கணக்கு தீர 13 ஆண்டுகளுக்கு மேல் ஆகும். தரவைச் சில்லுகளில் சேமிக்கும் எஸ்.எஸ்.டி.யில் சுழலும் பாகமே இல்லை என்பதால் அதற்கு இந்தக் கவலையும் கிடையாது.

உங்கள் தந்தை சொல்வதில்தான் இன்று வலு அதிகம், ஏனென்றால் கருவியைக் கெடுப்பது பெரும்பாலும் வெப்பம். பவர் சப்ளைக்குள் மின்சாரத்தைச் சீராக்கும் எலெக்ட்ரோலைடிக் கெப்பாசிட்டர்களின் ஆயுள், வெப்பம் 10 டிகிரி செல்சியஸ் கூடும்போதெல்லாம் ஏறத்தாழப் பாதியாகக் குறையும் என்பது மின்னணுப் பொறியாளர்கள் நெடுங்காலமாகக் கையாளும் கணக்கு. மின்விசிறி ஓடும் நேரமெல்லாம் அது தூசியையும் உள்ளே இழுத்துக்கொண்டிருக்கிறது. உங்கள் கணினியின் பக்கத் தகட்டைக் கழற்றிப் பாருங்கள்: வெப்பத்தை வெளியேற்றும் ஹீட் சிங்க்கின் மெல்லிய தகடுகளுக்கு இடையில் கம்பளித் துணியைப் போலச் சாம்பல் நிறத்தில் ஒரு படலம் படிந்திருந்தால், காற்றுப் போக வழியில்லாமல் அது தவித்துக்கொண்டிருக்கிறது என்று பொருள்.

செலவைப் பொறுத்தவரை, சும்மா இருக்கும் மேசைக் கணினி 60 வாட் எடுக்கிறது என்று வைத்துக்கொண்டால், ஆண்டு முழுவதும் அணைக்காமல் விட்டால் சுமார் 525 யூனிட் ஆகும். நீங்கள் அதன் முன் அமர்ந்திருப்பது 8 மணி நேரமே என்றால், அதில் 350 யூனிட் காலி நாற்காலிக்காகச் செலவாகிறது.

உங்களுடைய உண்மையான தேவை, விட்ட இடத்தில் தொடர்வதுதானே? அதற்குக் கணினி ஓடிக்கொண்டிருக்க வேண்டியதில்லை. ஸ்லீப் நிலையில் வைத்தால் நினைவகத்துக்கு மட்டும் மின்சாரம் போய்க்கொண்டிருக்கும். பல மேசைக் கணினிகள் அப்போது ஒன்று முதல் மூன்று வாட் வரையே எடுக்கும். ஆனால் அந்த நேரத்தில் மின்சாரம் நின்றுவிட்டால், சேமிக்காத வேலை போய்விடும். ஹைபர்னேட் செய்தால் நினைவகத்தில் உள்ளது முழுவதும் டிஸ்க்கில் எழுதப்பட்டு, கணினி முற்றிலும் அணைந்துவிடும். பிறகு உங்கள் தந்தை சுவிட்சை அணைத்தாலும் கோப்புக்கு ஒன்றும் ஆகாது. உங்கள் வீட்டுக்கு இதுவே பொருத்தம் என்று உறுதியாகச் சொல்வேன்.

பதில் 2

மேலே உள்ள பதிலில் விடுபட்டது மடிக்கணினி. என் மடிக்கணினியை ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் சார்ஜரிலிருந்து கழற்றாமலே பயன்படுத்தினேன். ஒரு நாள் டச்பேடு அழுந்த மறுத்தது. விளிம்பில் விரலை வைத்துப் பார்த்தபோது மேல்தகடு லேசாகப் புடைத்திருந்தது. உள்ளே பேட்டரி தலையணையைப் போல உப்பிப் போயிருந்ததைப் பழுதுபார்ப்பவர் எடுத்துக் காட்டியபோதுதான் எவ்வளவு அபாயத்தோடு இருந்திருக்கிறேன் என்று உணர்ந்தேன். லித்தியம் அயான் பேட்டரி நூறு விழுக்காட்டிலேயே, அதுவும் வெப்பத்தில், தொடர்ந்து நிற்பது அதற்குக் கேடு. இப்போதைய மடிக்கணினிகள் பலவற்றில் சார்ஜை 80 விழுக்காட்டோடு நிறுத்திவிடும் அமைப்பு இருக்கிறது. அதைத் தயவுசெய்து இன்றே இயக்கிவிடுங்கள். உப்பிய பேட்டரியைக் குத்தவோ அழுத்தவோ கூடாது.

யூ.பி.எஸ். பற்றியும் ஒரு வார்த்தை. கணினி ஓடும்போது சுவரில் அணைத்தால், அதன் லெட் ஆசிட் பேட்டரி ஒவ்வோர் இரவும் அடிவரை காலியாகி விரைவில் வீணாகிவிடும்.

பதில் 3

ரவுட்டரை மட்டும் நான் அணைக்க மாட்டேன். 10 வாட் எடுக்கும் ரவுட்டருக்கு ஆண்டு முழுவதும் சேர்த்தே 88 யூனிட்தான் ஆகும். அது தன் மென்பொருளைப் புதுப்பித்துக்கொள்வது பெரும்பாலும் இரவில்தான். நடுவில் மின்சாரத்தை நிறுத்தினால் ரவுட்டரே முடங்கிப்போகலாம். தொலைபேசிக் கம்பி வழியாக வரும் இணைப்பாக இருந்தால் இன்னொன்றும் உண்டு: இணைப்பு அடிக்கடி அறுபடுவதைக் கம்பியின் கோளாறாக எடுத்துக்கொண்டு, மறுமுனையில் உள்ள தானியங்கி அமைப்பு வேகத்தைக் குறைத்துவிடக்கூடும்.

இடி மின்னலின்போது இந்த விதி பொருந்தாது. அப்போது சுவிட்சை அணைத்தால் மட்டும் போதாது. பிளக்கையே பிடுங்க வேண்டும், தொலைபேசிக் கம்பியையும் கழற்ற வேண்டும், ஏனென்றால் மின்னலின் அதிர்ச்சி அதன் வழியாகவும் உள்ளே வரும். இடி முழங்கத் தொடங்கிய பிறகு கம்பியைத் தொடாமல், மேகம் திரளும்போதே கழற்றிவிடுங்கள்.

கேள்வி கேட்டவர்

அனைவருக்கும் நன்றி. ஒரு வாட் மீட்டரை வாங்கி ஒவ்வொன்றாக அளந்தேன். கணினி சும்மா இருக்கும்போது 58 வாட், ஹைபர்னேட்டில் ஒரு வாட்டுக்கும் கீழ். மானிட்டர் உறங்கும்போது அரை வாட்கூட இல்லை. நான் கணக்கிலேயே சேர்க்காத ஸ்பீக்கர்கள், ஒலியே எழுப்பாமல் 7 வாட் எடுத்துக்கொண்டிருந்தன! தந்தையிடம் மீட்டரைக் காட்டினேன். ரவுட்டருக்குத் தனிச் சுவிட்ச் வைக்க அவர் ஒப்புக்கொண்டார். பிரிண்டரை மட்டும் இரவில் சுவரில் அணைக்கலாமா?

பதில் 1 எழுதியவர்

முதலில் பிரிண்டரின் சொந்தப் பொத்தானால் அணைத்து, ஓசை அடங்கும்வரை பொறுத்த பின்பே சுவர்ச் சுவிட்சைத் தொடுங்கள். பொத்தானால் அணைக்கும்போதுதான் மையைத் தெளிக்கும் பாகமான மைத்தலை ஓரத்துக்குப் போய் மூடியின்மேல் அமரும். இடையில் மின்சாரம் நின்றால் அது திறந்தபடியே கிடந்து மை உலர்ந்து அடைத்துக்கொள்ளும். முழுவதும் மின்சாரம் நின்று திரும்பும்போது பல பிரிண்டர்கள் மையைச் செலவழித்துத் தலையைச் சுத்தம் செய்வதால், தினமும் அச்சிடுபவர் என்றால் அதை அணைக்காமல் உறக்க நிலையிலேயே விட்டுவிடுங்கள்.