மினாராவை மினாரா என்றே விடுவோம்

ஐயா, பள்ளிவாசலுக்காகக் கட்டி, பிறகு கிறிஸ்தவர் கைக்குப் போன மினாராவுக்கு (தொழுகைக்கு அழைக்கும் கோபுரம்) நீங்கள் முன்வைத்த 'கலப்புக் கோபுரம்' என்ற தமிழ்ப்பெயர் எனக்கு உறுத்துகிறது. கலப்பு என்றால் இரண்டு பாணிகளையும் சேர்த்து ஒரேயடியாகக் கட்டியதாகத்தான் படிப்பவர் நினைப்பார். ஸ்பெயினின் செவில்லில் நடந்தது வேறு. அல்மொகத் என்ற முஸ்லிம் அரசு 1184இல் தொடங்கி 1198இல் முடித்த மினாரா அது. 1248இல் ஊர் மூன்றாம் பெர்னாண்டோ என்ற கிறிஸ்தவ மன்னரின் கைக்குப் போனது. பின்னால் பள்ளிவாசலை இடித்துப் பேராலயம் எழுப்பியபோதும் மினாராவை விட்டுவைத்தார்கள். 1558க்கும் 1568க்கும் இடையில் எர்னான் ரூயிஸ் என்ற கட்டடக் கலைஞர் அதன் தலையில் மணிமாடத்தை ஏற்றினார். உள்ளே சுவரை ஒட்டிச் சுற்றிச் சுற்றி ஏறும் 35 சாய்தளங்கள் இன்றும் இருக்கின்றன, குதிரையிலேயே மேலே போகிற அகலத்தில். வெளியே நின்று அண்ணாந்து பார்த்தால், வலைபோல் பின்னிய செங்கல் வேலைப்பாடு எங்கே முடிகிறது, மணிமாடம் எங்கே தொடங்குகிறது என்று விரல் நீட்டிச் சொல்லிவிடலாம்.

அப்புறம், இதற்கே சொல்லப்பட்ட 'மணிமினாரா' அழகான சொல்தான். ஆனால் உக்ரைனின் கமியனெட்ஸ் பொடில்ஸ்கிக்கு அது பொருந்தாது. 1672இல் அந்த ஊரைப் பிடித்த உஸ்மானியத் துருக்கியர்கள் பேதுரு பவுல் பேராலயத்தைப் பள்ளிவாசலாக்கி, பக்கத்தில் மினாராவும் கட்டினார்கள். 1699இல் ஊர் போலந்திடம் திரும்பியது. 1756இல் மினாராவின் உச்சியில் பொன்முலாம் பூசிய மாதா சிலையை நிறுத்தினார்கள். மணிக்கு அங்கே வேலையே இல்லை.

'கைமாறிய மினாரா' என்று வைக்கலாமே? இரண்டு ஊர்க் கதையும் அதில் அடங்கும். வினைத்தொகையாகச் சுருக்கி 'கைமாறு மினாரா' என்றால் நன்றிக்கடன் நினைவுக்கு வரும். 'கைமாற்று' என்றால் கடன் ஆகிவிடும். அதனால் 'கைமாறிய' என்றே இருக்கட்டும்.

மினாராவைத் தூபி என்று மாற்றவும் வேண்டாம். தூபி பௌத்தத்துக்கு உரியது; கோபுரம் என்றால் கோயில் வாசல்தான் கண்முன் வரும். நாகூரில் மினாரா அன்றாடச் சொல். மல்லிப்பட்டினத்தருகே இரண்டாம் சரபோஜி எழுப்பிய மனோராவின் பெயரும் அதே வேரில் வந்ததுதான். இதை இனிமேல் அயற்சொல் என்று ஒதுக்குவது சரியில்லை.

ஸ்பெயினின் இன்னொரு ஊரான கோர்தோபாதான் என்னைக் குழப்புகிறது. அங்கே கலீபா மூன்றாம் அப்துர் ரஹ்மான் பத்தாம் நூற்றாண்டில் கட்டிய மினாராவில் எஞ்சியது, இன்றைய மணிக்கோபுரத்தின் கல்லுறைக்குள் இருக்கிறது. அந்த வகைக்கு மட்டும் 'உள்ளுறை மினாரா' என்று உட்பிரிவு வைக்கலாமா? சங்கப் பாடல்களில் பொருளை மறைத்துச் சொல்லும் உள்ளுறை உவமத்தோடு குழம்புமோ என்று ஒரு தயக்கம். இலக்கணம் அறிந்தவர்கள் சொல்லுங்கள்.