வெள்ளம் வந்தால் வீல்சேரில் இருப்பவரை எப்படி வெளியே கொண்டுவருவது?

முடிச்சூர்வாசி:

எல்லோருக்கும் வணக்கம். தாம்பரம் பக்கத்தில் முடிச்சூரில் தரைத்தள வாடகை வீட்டில் இருக்கிறோம். என் கணவருக்கு 2021இல் பைக் விபத்தில் தண்டுவடத்தில் அடிபட்டு இடுப்புக்குக் கீழே உணர்ச்சி இல்லை. பேட்டரி வீல்சேரில்தான் இருக்கிறார்.

2023இல் மிக்ஜாம் புயல் வந்தபோது டிசம்பர் 4ஆம் தேதி காலையில் வாசல்படியில் நின்ற தண்ணீர், இருட்டுவதற்குள் கட்டில் சட்டத்தைத் தொட்டுவிட்டது. பக்கத்து வீட்டுத் தம்பியும் நானுமாகச் சாப்பாட்டு மேசைமேல் மெத்தையைப் போட்டு அவரைத் தூக்கி உட்காரவைத்தோம், விடிய விடிய அப்படியேதான் இருந்தார். மறுநாள் படகு வந்தது. அதில் வந்த பிள்ளைகளுக்கு நல்ல மனசு, ஆனால் இப்படி ஒருவரை எங்கே பிடித்துத் தூக்குவது என்று தெரியவில்லை, எனக்கும் சொல்லத் தெரியவில்லை. அக்குளில் பிடித்து இழுத்ததில் குதிகால் கேட்டில் உரசித் தோல் கிழிந்திருக்கிறது. அவருக்கு வலிக்காது இல்லையா, அன்று ராத்திரி சாக்ஸைக் கழற்றும்போதுதான் பார்த்தேன். அந்தப் புண் ஆற மூன்று மாதம் ஆனது. வீல்சேர் தண்ணீரில் போனது, சிறுநீர் எடுக்கிற டியூப் டப்பாவையும் மறந்துவிட்டு வந்துவிட்டோம்.

இந்த வருடம் மழைக்கு முன்பே தயாராக வேண்டும். எப்போது கிளம்புவது, எதை எடுப்பது, யாரிடம் சொல்லி வைப்பது? மாடியில் வீட்டு உரிமையாளர் இருக்கிறார், ஆனால் வெளிப்படிக்கட்டு நடுவில் திரும்பும்.

நாலுசக்கரம்:

சகோதரி, நானும் தண்டுவடப் பாதிப்பில் 19 வருடமாக வீல்சேரில் இருப்பவன். 2015 டிசம்பரில் வேளச்சேரியில் மாட்டிக்கொண்டு அனுபவப்பட்டதை வைத்துச் சொல்கிறேன். நம்மைப் போன்றவர்களுக்குப் படகு கடைசி வழிதான். சாலை காய்ந்திருக்கும்போதே ஆட்டோவோ காரோ பிடித்துக் கிளம்பிவிட வேண்டும், தண்ணீர் சைலன்சர் உயரத்துக்கு வந்துவிட்டால் எவ்வளவு கொடுத்தாலும் வண்டி வராது. நான் எனக்கென்று ஒரு கணக்கு வைத்திருக்கிறேன். ரெட் அலர்ட் என்று சொல்லிவிட்டால், வெயிலே அடித்தாலும் அன்று மாலைக்குள் அண்ணன் வீட்டுக்குப் போய்விடுவேன். நாலு தடவை சும்மா போய்த் திரும்பியிருக்கிறேன், அதில் ஒன்றும் குறைந்துபோகவில்லை.

உங்கள் பகுதிக்கு ஒன்று முக்கியம். டிவியில் செம்பரம்பாக்கம் செய்தியை மட்டும் பார்த்துக்கொண்டு இருக்காதீர்கள், அந்த உபரிநீர் உங்களைத் தாண்டித் திருநீர்மலைப் பக்கம்தான் அடையாற்றில் சேருகிறது. உங்களுக்கு வரும் தண்ணீர் மேலே ஆதனூர், மண்ணிவாக்கம் பக்கத்து ஏரிகள் நிரம்பி வருவது. அந்தப் பக்கம் தெரிந்தவர் ஒருவர் நம்பர் கையில் இருந்தால் போதும், போன் போட்டு ஏரி நிரம்பிக் கலங்கல் வழியாகத் தண்ணீர் போகிறதா என்று கேட்டுக்கொள்ளலாம்.

பேட்டரி வீல்சேரைக் காப்பாற்ற நினைக்காதீர்கள். 50 கிலோவுக்கு மேல் இருக்கும், படகிலும் ஏற்ற முடியாது. மழைக்கு முன்பே சார்ஜரோடு அதை மாடியில் ஏற்றிவிட்டு, மடக்குகிற சாதா வீல்சேர் ஒன்றைக் கீழே வைத்துக்கொள்ளுங்கள். டியூப் ஒரு நாளைக்கு ஐந்து என்றாலும் ஒரு வாரத்துக்கு 35 வேண்டும், அதோடு ஜெல், கையுறை, டயப்பர், மாத்திரைச் சீட்டின் நகல், யுடிஐடி என்கிற மாற்றுத்திறனாளி அடையாள அட்டையின் நகல். எல்லாவற்றையும் மூடி இறுக்கமான பிளாஸ்டிக் வாளியில் போட்டுக் கதவுப் பக்கம் வையுங்கள். பை வேண்டாம், நனையும். என் டியூப் எல்லாம் 2015இல் அப்படித்தான் வீணானது. இரண்டு நாள் ஒரே டியூபைக் கழுவிக் கழுவிப் பயன்படுத்தி, கடைசியில் கிருமித் தொற்றோடு ஆஸ்பத்திரியில் கிடந்தேன்.

தாம்பரம் பிசியோ:

அக்குளை மட்டும் பிடித்து இழுக்கவே கூடாது, தோள்மூட்டு விலகிவிடும். கையால்தான் அவர் எல்லாமே செய்கிறார், அந்தத் தோளும் போனால் என்ன ஆகும் யோசியுங்கள். இரண்டு பேர் இருந்தால் இப்படிச் செய்யுங்கள்: அவர் இரண்டு கையையும் மார்புக்குக் குறுக்கே கட்டிக்கொள்ளட்டும், பின்னால் நிற்பவர் அக்குள் வழியாகக் கைவிட்டு அந்த முன்னங்கைகளைப் பிடிக்க வேண்டும், இன்னொருவர் முழங்காலுக்கு அடியில் கைகொடுத்து, எண்ணிக்கை சொல்லி இரண்டு பேரும் ஒரே நேரத்தில் தூக்க வேண்டும்.

நாலைந்து பேர் கிடைத்தால் ஜமுக்காளம்தான் நல்லது. கெட்டி ஜமுக்காளத்தில் அவரைப் படுக்கவைத்து, இரண்டு ஓரத்தையும் உடம்பு வரைக்கும் சுருட்டிவிட்டால் கைக்குப் பிடி கிடைக்கும், திரும்புகிற படிக்கட்டிலும் கொண்டுபோகலாம். மெல்லிய போர்வை கிழிந்துவிடும். பிளாஸ்டிக் நாற்காலியில் வைத்துத் தூக்காதீர்கள், கால் உடையும்.

தூக்குவதற்கு முன் காலுக்குச் சாக்ஸும் ஷூவும் போடுங்கள். யூரின் பை மாட்டியிருந்தால் இடுப்புக்குக் கீழேயே இருக்கட்டும், எதிலும் சிக்கக் கூடாது. போய்ச் சேர்ந்ததும் முதல் வேலை ஈரத்துணியை மாற்றுவது. அப்புறம் டார்ச் அடித்துக் குதிகால், பிட்டம், கணுக்கால் மூன்றையும் பாருங்கள். வலி தெரியாத உடம்புக்குக் கண்தான் காவல். முகாமில் பாயில் படுக்கவைத்தால் இரண்டு மணி நேரத்துக்கு ஒருதடவை திருப்பிவிடுங்கள்.

கடலூர்க்காரன்:

மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016, பிரிவு 8ஐ வீட்டில் ஒருவராவது படித்து வையுங்கள். பேரிடர் நேரத்தில் நமக்குச் சமமான பாதுகாப்பு தர வேண்டும் என்றும், மாவட்டப் பேரிடர் மேலாண்மை ஆணையம் மாவட்டத்தில் உள்ள மாற்றுத்திறனாளிகளின் விவரப் பதிவேட்டை வைத்திருக்க வேண்டும் என்றும் அதில் இருக்கிறது. ஆனால் நம் பெயர் அதில் இருக்கிறதா என்று நாமாகப் போய்க் கேட்காமல் தெரியாது. திங்கட்கிழமை குறைதீர் நாளில் செங்கல்பட்டு கலெக்டர் ஆபீசில் மனு கொடுங்கள், எந்தத் தெரு, எந்தத் தளம், என்ன உதவி வேண்டும் என்று எழுதுங்கள். ஒரு நகலை மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்திலும் கொடுத்து ரசீது வாங்குங்கள். மாவட்டக் கட்டுப்பாட்டு அறை 1077, மாநிலத்துக்கு 1070. கூப்பிடும்போது ‘நடக்க முடியாதவர், தூக்க நாலு பேர் வேண்டும்’ என்று முதல் வரியிலேயே சொல்லுங்கள்.

என் அம்மா ஆக்சிஜன் கான்சன்ட்ரேட்டரில் (காற்றிலிருந்து ஆக்சிஜனைப் பிரித்துத் தரும் மெஷின்) இருக்கிறார், அந்த மாதிரி வீடுகளுக்கும் ஒரு வார்த்தை. நிமிடத்துக்கு 5 லிட்டர் தரும் மெஷின் 300 வாட்டுக்கு மேல் இழுக்கும், 150 ஏஎச் இன்வெர்ட்டர் பேட்டரி மூன்று, நாலு மணி நேரம் தாங்கினாலே பெரிது. இன்வெர்ட்டர் தரையில் இருந்தால் முதலில் போவதும் அதுதான். ஒரு பி டைப் ஆக்சிஜன் சிலிண்டர் வைத்திருக்கிறோம், 1,500 லிட்டர், நிமிடத்துக்கு 2 லிட்டர் என்றால் சுமார் 12 மணி நேரம். அதற்குள் வேறு இடம் போய்விட வேண்டும் என்பதுதான் எங்கள் கணக்கு.

செவ்வந்தி:

என் தங்கைக்குக் காது கேட்காது, அதனால் இதைச் சொல்லத் தோன்றுகிறது. கரண்ட் போன ராத்திரியில் சைகையும் தெரியாது, உதட்டசைவும் தெரியாது. மைக்கில் எச்சரித்துக்கொண்டு போனது அவளுக்குத் தெரியவே இல்லை, கால் நனைந்துதான் எழுந்தாள். இப்போது அவள் கழுத்தில் லேமினேட் செய்த அட்டை ஒன்று இருக்கிறது: ‘எனக்குக் காது கேட்காது. டார்ச்சை உங்கள் முகத்தில் அடித்துப் பேசுங்கள், அல்லது எழுதிக் காட்டுங்கள்.’ அண்ணனுக்கும் ஒரு அட்டை போடுங்கள் அக்கா, எங்கே பிடிக்கணும், எங்கே உணர்ச்சி இல்லை என்று. நீங்கள் பக்கத்தில் இல்லாதபோது வருகிறவர்களுக்கு அது பேசும்.

முடிச்சூர்வாசி:

எல்லோருக்கும் நன்றி. நேற்று ஞாயிற்றுக்கிழமை ஒத்திகை பார்த்தோம். பக்கத்து வீட்டுத் தம்பி, அவன் நண்பர்கள் மூன்று பேர், மாடி வீட்டு ஐயா. முதல் தடவை படித்திருப்பத்தில் கால் பக்கம் பிடித்தவர்கள் சுவரில் மாட்டிக்கொண்டார்கள். தலைப் பக்கத்தை முன்னால் விட்டு ஏற்றியதும் சரியாக வந்தது, இரண்டாவது தடவை நாலு நிமிடம்தான். என் கணவர்தான் எண்ணிக்கை சொன்னார். “போன தடவை யாரும் என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை, இந்தத் தடவை நான் சொன்ன பிறகுதான் தூக்குகிறார்கள்” என்றார்.

பேட்டரி வீல்சேர் மாடிக்குப் போய்விட்டது. அட்டைக்கு வாசகம் இவரே எழுதிக்கொண்டிருக்கிறார். மனு அடுத்த திங்கட்கிழமை. மண்ணிவாக்கத்தில் யாராவது இருந்தால் தனிச்செய்தியில் நம்பர் கொடுங்கள், ஏரி நிலவரம் கேட்க ஆள் இன்னும் கிடைக்கவில்லை.