அந்தக் கல்லை எறிந்தது யார்?

வைகைக்கரையான்:
"6.6 கோடி ஆண்டுக்கு முன் மெக்சிகோவில் அந்த விண்கல் விழாமல் போயிருந்தால் மனிதனே கிடையாது. அப்புறம் என்ன தெய்வ நோக்கம்?" என்று தம்பி செம்பருந்து நேற்று தீர்ப்பு எழுதிவிட்டார். கல் விழுந்ததே நோக்கம்தான் என்கிறேன். விழுந்த இடம் ஆழமில்லாத கடல், அடியில் ஜிப்சம் பாறை. அதிலிருந்த கந்தகம் மேலே கிளம்பி வெயிலை மறைத்தது. கொஞ்ச நேரம் தள்ளி ஆழ்கடலில் விழுந்திருந்தால் டைனோசர் தப்பியிருக்கலாம் என்று விஞ்ஞானிகளே சொல்கிறார்கள். சரியாக ஜிப்சத்தில் ஏன் விழுந்தது?

செம்பருந்து:
உயிரினங்களில் முக்கால்வாசி காலி. எலி அளவுப் பாலூட்டிக்கு வழிவிட இத்தனை சாவா? மூட்டைப்பூச்சிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்தின கதை.

வைகைக்கரையான்:
பழமொழி வேண்டாம். ஜிப்சத்துக்குப் பதில் வேண்டும்.

நிலாமுற்றம்:
பேச வந்தது வேறு உலகங்களில் அறிவுள்ள உயிர் உண்டா என்று. நியூ கலிடோனியாக் காகம் குச்சியைக் கொக்கியாகச் செதுக்கி மரப்பொந்தில் புழுவை இழுக்கிறது. அதன் வம்சமும் நம் வம்சமும் பிரிந்து 30 கோடி ஆண்டுக்கு மேல் ஆகிறது. இங்கேயே அறிவு தனித்தனியாக முளைத்திருக்கும்போது அங்கே முளைக்காதா?

செம்பருந்து:
அக்கா, வடை திருடுகிற அறிவு வேறு, ரேடியோ கட்டுகிற அறிவு வேறு. டைனோசர்கள் 16 கோடி ஆண்டு உலாவியும் ஒரு ரேடியோ கட்டவில்லை.

வைகைக்கரையான்:
அதனால்தான் கல் வந்தது! என் கட்சிக்கே வாதாடுகிறீர்கள், நன்றி.

திண்ணைத்தாத்தா:
சும்மா கல், கல் என்றால் எப்படி? அதே காலத்தில் தக்காணத்தில் எரிமலை பொங்கிக்கொண்டிருந்தது. மகாபலேஸ்வரம் பக்கம் போய்ப் பாருங்கள், உறைந்த குழம்பு படிப்படியாக ஒரு கிலோமீட்டருக்கு மேல் தடிமனாக நிற்கிறது. நம் நாட்டு எரிமலை என்றால் இளக்காரமா?

வைகைக்கரையான்:
பெரியவரே, 2006இல் புளூட்டோவைக் கோள் பட்டியலிலிருந்து எடுத்ததையே நீங்கள் இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை. போன மாதம் அதற்காக என்னை என்னவெல்லாம் பேசினீர்கள்? நான் மறக்கவில்லை.

திண்ணைத்தாத்தா:
புளூட்டோ கோள்தான்.

செம்பருந்து:
சரி, ஒரு கேள்வி. உங்கள் கடவுள் மற்ற கிரகங்களிலும் குறி பார்த்து எறிந்துகொண்டிருக்கிறாரா? அங்கெல்லாம் ஆள் இருந்தால் சத்தத்தையே காணோமே?

நிலாமுற்றம்:
1974இல் அரெசிபோ ரேடியோ தொலைநோக்கியிலிருந்து எம்13 விண்மீன் கொத்துக்கு அனுப்பிய செய்தி போய்ச் சேரவே சுமார் 25,000 ஆண்டு ஆகும். அதற்குள் சத்தம் கேட்கவில்லையாம்! தபால்காரர் தெருமுனையே தாண்டவில்லை.

வைகைக்கரையான்:
தபாலை விடுங்கள். மூன்றாவது முறையாகக் கேட்கிறேன். ஏன் ஜிப்சம்?

செம்பருந்து:
காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்தது. போதுமா?

வைகைக்கரையான்:
பனம்பழத்தைப் பழுக்க வைத்தது யார்?

நிலாமுற்றம்:
மறுபடியும் காக்கையா! நான் சொன்னபோது மட்டும் வடை என்று கிண்டல் செய்தீர்கள்.

திண்ணைத்தாத்தா:
மகாபலேஸ்வரத்துக்கு இன்னும் ஒருத்தரும் பதில் சொல்லவில்லை.