மிளகுக்கொடியை வெட்டலாமா?

மாலதி சித்தி: வெள்ளிக்கிழமை கொத்தனார் வருகிறார். பின்சுவர் பக்கம் இருக்கும் மிளகுக்கொடியை வெட்டிவிடவா? நட்டு 4 வருஷம், மிளகு காய்க்கிற பூச்சரம், ஒரு திரிகூட விடவில்லை.

ராஜி அத்தை: அப்பா கையால் நட்டது!!

கார்த்தி: போட்டோ போடுங்கள் சித்தி

மாலதி சித்தி: (படம்)

ராஜி அத்தை: என் தொட்டியில் முதல் வருஷமே காய்த்தது. ஒரே தாய்க்கொடிதானே.

மாலதி சித்தி: நல்ல துண்டை நீங்கள் எடுத்துக்கொண்டீர்கள் அண்ணி.

சேகர் பெரியப்பா: துண்டில் நல்லது கெட்டது இல்லை மாலதி. ராஜி கொண்டுபோனது பக்கக்கிளை, அது புதராகவே நின்று சீக்கிரம் திரி விடும். அப்பா நட்டது தரையில் ஓடும் கொடி. அது முதலில் மரத்தைப் பிடித்து ஏறி, அப்புறம்தான் பக்கக்கிளை விடும், அந்தக் கிளையின் புதுத் தளிரில், கணுவில் இலைக்கு எதிர்ப்பக்கம்தான் திரி வரும், அதனால் 3, 4 வருஷம் பொறுக்கத்தான் வேண்டும்.

திவ்யா: எங்கள் ஏணி யார் வீட்டில்?

ராஜி அத்தை: மாலதி வீட்டில்

மாலதி சித்தி: போன மாதமே கொடுத்தாயிற்று

சேகர் பெரியப்பா: ஏணி அப்புறம். கோடை முழுக்கத் தண்ணீர் ஊற்றினாயா?

மாலதி சித்தி: தினமும். வாடக்கூடாதே என்று.

சேகர் பெரியப்பா: மழைக்கு முன் சில வாரம் காயவிட வேண்டும் அம்மா. காய்ந்த கொடியில் நல்ல மழை விழுந்தால்தான் தளிரும் திரியும் சேர்ந்து வரும். மேலே மரக்கிளையும் அடர்ந்திருக்கிறது, வெளிச்சமே இறங்காது, கொஞ்சம் கழித்துவிடு.

திவ்யா: படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள், இடது மேல் மூலையில் பச்சையாக நூல் மாதிரி தொங்குகிறதே?

சேகர் பெரியப்பா: திரிதான்!

ராஜி அத்தை: அப்பா 🙏

மாலதி சித்தி: நான் அவ்வளவு மேலே பார்க்கவே இல்லை

சேகர் பெரியப்பா: இனிமேல் தண்ணீரை நிறுத்தாதே. பூ ஒரே நாளில் விரியாது, ஒவ்வொரு பூவிலும் மகரந்தத்தை ஏற்கும் சூல்முடி முதலில் தயாராகும், மகரந்தம் சில நாள் கழித்துத்தான் வெளிவரும், அதைத் திரி நெடுகப் பரப்ப மழைத்துளி உதவும். நடுவில் மழை விட்டுப்போனால் திரி உதிர்ந்துவிடும். பூத்து 6 முதல் 8 மாதத்தில் பழுக்கும்.

கார்த்தி: அப்போ சுவர்?

மாலதி சித்தி: முன்பணம் கொடுத்துவிட்டேனே

ராஜி அத்தை: ரெண்டடி தள்ளிக் கட்டு

மாலதி சித்தி: அந்த ரெண்டடி யாருடையது என்று இன்னும் பேசி முடிக்கவில்லை அண்ணி

சேகர் பெரியப்பா: அதை நேரில் பேசுவோம். கொடியில் கை வைக்காதே.

கார்த்தி: கிளை கழிக்க நான் ஞாயிற்றுக்கிழமை வருகிறேன்

திவ்யா: ஏணி?