ரிமோட் மணி, தண்ணீர் மோட்டர், ஹொட் வாட்டர்: மூன்றையும் ஹோம் அசிஸ்டன்டில் சேர்ப்பது சரியா?

மூடுபனி (டிக்கோயா)
பழைய ராஸ்பெர்ரி பை (கையளவு கம்ப்யூட்டர்) ஒன்றில், வீட்டுச் சாதனங்களைப் போனிலிருந்தே இயக்க உதவும் ஹோம் அசிஸ்டன்ட் மென்பொருளைப் போட்டு மூன்று மாதம் ஆகிறது. வைஃபை பல்பு இரண்டு ஒழுங்காக வேலை செய்கின்றன. இனி வீட்டில் ஏற்கனவே இருக்கும் சாதாரணப் பொருட்களை அதில் சேர்க்க ஆசை: வாசலில் உள்ள 433 மெகாஹெர்ட்ஸ் ரிமோட் மணி, கிணற்றடி மோட்டர், குளியலறை ஹொட் வாட்டர். கிணற்றுக்கும் மேலே உள்ள தண்ணீர்த் தாங்கிக்கும் நடுவே அறுபது படிகள். அம்மா இறங்கி மோட்டரைப் போட்டுவிட்டு ஏறி வருகிறார். தாங்கி வழியும் சத்தம் கேட்டதும் முழங்காலைப் பிடித்துக்கொண்டு மறுபடி இறங்குகிறார். எதிலிருந்து தொடங்கலாம்?

பண்டாரவளைக்காரன்
ஒரு ஞாயிற்றுக்கிழமை வேலைதான். ரிமோட்டின் சிக்னலை வாங்கும் மலிவான 433 ஏற்பி ஒன்றை ஈஎஸ்பி8266 என்ற சின்ன வைஃபை சுற்றுப் பலகையில் இணையுங்கள். மணியை அழுத்தும் ஒவ்வொரு முறையும் அந்த ரிமோட் ஒரே குறியீட்டைத்தான் அனுப்பும். பலகை அதைப் பிடித்து எம்கியூடிடி (கருவிகள் ஒன்றுக்கொன்று சிறு செய்தி அனுப்பும் முறை) செய்தியாக மாற்றி ஹோம் அசிஸ்டன்டிடம் கொடுத்துவிடும். மோட்டருக்கும் ஹொட் வாட்டருக்கும் ஆளுக்கொரு ரிலே, அதாவது பலகை சொல்லும்போது போட்டு அணைக்கும் மின்சுவிட்ச். அம்மா கட்டிலில் இருந்தபடியே போனைத் தொட்டால் போதும்.

பழைய வயர்மேன்
"ஆளுக்கொரு ரிலே" என்று எவ்வளவு சுலபமாகச் சொல்லிவிட்டீர்கள் தம்பி! கடையில் கிடைக்கும் அந்த நீலநிறச் சின்ன ரிலேயின் முதுகில் 10 ஆம்பியர் என்று எழுதியிருக்கும். உடனடியாகச் சூடாக்கும் ஹொட் வாட்டர் 3.5 கிலோவாட் என்றாலே, நம் 230 வோல்டில் 15 ஆம்பியர் இழுக்கும். 5.5 கிலோவாட் என்றால் 24. மோட்டர் இன்னும் மோசம்: ஓடும்போது மூன்று நான்கு ஆம்பியரோடு அடங்கி இருப்பது, கிளம்பும் நொடியில் அதைப்போல் பல மடங்கு கேட்கும். ரிலேயின் முனைகள் அந்தப் பொறியில் உருகி ஒட்டிக்கொள்ளும். அப்படி ஒட்டிய ஒன்றை நான் கழற்றிப் பார்த்திருக்கிறேன். இரண்டு முனையும் கருகி ஒரே கட்டி. திருப்புளியால் நெம்பித்தான் பிரித்தேன். போனில் ஆஃப் என்று காட்டிக்கொண்டிருந்த மோட்டர் அது.

தாங்கியில் மிதவை சுவிட்ச் ஒன்று, அங்கிருந்து கிணற்றடி வரை கம்பி. தண்ணீர் நிறைந்தால் நிற்கும். இதற்குக் கம்ப்யூட்டர் எதற்கு?

பண்டாரவளைக்காரன்
ரிலே விஷயத்தில் நீங்கள் சொல்வது சரி ஐயா. நான் அவசரப்பட்டுவிட்டேன். ரிலே நேராக மோட்டரைத் தொடக் கூடாது; கான்டாக்டரின் (கனமான மின்னோட்டத்தைத் தாங்கும் பெரிய ரிலே) சுருளை மட்டும் இயக்கட்டும், கனமான வேலையைக் கான்டாக்டர் பார்த்துக்கொள்ளும். ஆனால் அறுபது படிக்குக் கம்பி இழுக்கச் சொல்வதை நான் ஏற்கவில்லை. ஏப்ரலிலும் ஒக்டோபரிலும் பின்னேரம் இடி விழும் ஊரில், வெளியே நீளமாகக் கிடக்கும் கம்பி மின்னலுக்குப் போடும் வெற்றிலை பாக்கு. அதோடு, கிணறு வற்றியதை மிதவை அறியாது. மோட்டர் தண்ணீரில்லாமல் ஓடினால் அது இழுக்கும் மின்னோட்டம் குறையும்; கம்பியைச் சுற்றி மாட்டும் கவ்வி உணரி அதை உடனே காட்டிக்கொடுக்கும். போனில் ஆஃப், கிணற்றடியில் ஓட்டம் என்ற உங்கள் கதையையும் அதே உணரி பிடித்துவிடும்.

லயத்துப் பிள்ளை
மணியைப் பற்றி ஒரு வார்த்தை. எங்கள் லயத்தில் (தோட்டத்து வரிசை வீடுகள்) இரண்டு காம்பிராக்காரர்கள் ஒரே கடையில் ஒரே மணியை வாங்கினார்கள். இங்கே அழுத்தினால் அங்கேயும் அடிக்கும். ஒரு மாதம் இரு வீட்டாரும் மாறி மாறிக் கதவைத் திறந்து வெறும் இஸ்தோப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். குறியீடு மாறாது என்பதற்கு இன்னொரு பக்கமும் உண்டு: யார் வேண்டுமானாலும் அதைப் பதிவுசெய்து திருப்பி அனுப்பலாம். மணி என்றால் பரவாயில்லை. இதே முறையில் கேட்டையோ கதவுப் பூட்டையோ இணைத்துவிடாதீர்கள். பழைய கருங்கல் சுவர், தகரக் கூரை வீடு என்றால் ஏற்பியை வாசல் பக்கமே வையுங்கள். உள்ளறையில் ஒன்றும் கேட்காது.

நானுஓயா நேரம்
கரண்ட் போய் வருவதை யாரும் பேசவில்லையே. 2022 இல் ஒரு நாளைக்கு 13 மணி நேரம் வரை வெட்டியபோது நான் கற்றுக்கொண்டது இது. நள்ளிரவுக்குப் பிறகு கரண்ட் வந்தது. கூடவே என் மோட்டரும் எழுந்தது. ஆன் கட்டளையை எம்கியூடிடியில் தக்கவைக்கும் செய்தியாக (சேமித்து வைத்து, இணைபவருக்கு உடனே கொடுக்கப்படுவது) அனுப்பி வைத்திருந்தேன். பலகை மறுபடி இணைந்ததும் அந்தப் பழைய கட்டளையைப் புதிதாக வந்ததுபோல் வாங்கிக்கொண்டது. விடியும்போது தாங்கிக்குக் கீழே இருந்த லீக்ஸ் பாத்தி முழுவதும் சேறு. கட்டளைகளைத் தக்கவைக்காதீர்கள். கரண்ட் வந்ததும் ரிலே ஆஃப் நிலையில் எழும்படி பலகையிலேயே அமைத்துவிடுங்கள்.

பண்டாரவளைக்காரன்
அது அமைப்பின் பிழை, எம்கியூடிடியின் பிழை இல்லை. 1999 இல் எண்ணெய்க் குழாய்களைச் செயற்கைக்கோள் இணைப்பு வழியே கண்காணிக்க உருவாக்கிய நெறிமுறை அது. அறுந்து அறுந்து வரும் இணைப்புக்காகவே பிறந்தது.

பழைய வயர்மேன்
அந்த எண்ணெய்க் குழாயிலும் கையால் திருகி மூட ஒரு சக்கரம் வைத்திருப்பார்கள் தம்பி. இவர் வீட்டில் போன் தொலைந்தால் அம்மா எதைத் திருகுவார்?

மூடுபனி (டிக்கோயா)
எல்லாவற்றையும் படித்தேன். ஹொட் வாட்டரைத் தொடப் போவதில்லை. குளிக்கப் போகிறவர் கையால் போடட்டும். மணியை இணைக்கிறேன். தாங்கியில் வயர்மேன் ஐயா சொன்ன மிதவைதான். ஆனால் அதன் கம்பி தாங்கிக்குப் பக்கத்தில் இருக்கும் பலகையோடு நின்றுவிடும்; கீழே செய்தி மட்டும் போகும். கிணற்றடியில் வைஃபை ஒரு கோடுதான் காட்டுகிறது. அதனால் இணைப்பு அறுந்தாலோ, இருபது நிமிடம் கடந்தாலோ, கீழே உள்ள பலகை யாரையும் கேட்காமல் கான்டாக்டரை விடுவித்து மோட்டரை நிறுத்திவிட வேண்டும். பழைய கை சுவிட்சும் அதே இடத்தில் இருக்கும்.

பழைய வயர்மேன்
இதற்கு நான் சம்மதிக்கிறேன், பாதி மனதோடு. அந்தக் கை சுவிட்ச் மோட்டருக்குப் போகும் மின்சாரத்தையே வெட்ட வேண்டும், பலகைக்குச் செய்தி சொல்லும் பொத்தானாக இருக்கக் கூடாது. இன்னொன்று: கிணற்றடி ஈரத்தில் நிற்கும் அந்த மோட்டருக்குக் கரண்ட், மின்கசிவு ஏற்பட்டால் தானே வெட்டும் ட்ரிப் சுவிட்ச் வழியாக வருகிறதா? இறங்கிப் பார்த்துவிட்டு எழுதுங்கள்.

மூடுபனி (டிக்கோயா)
டோர்ச் எடுத்துக்கொண்டு இப்போதுதான் போய்ப் பார்த்தேன். ட்ரிப் சுவிட்ச் இல்லை. மரப்பலகையில் பீங்கான் பியூஸ் கட்டை ஒன்று இருக்கிறது. கரண்டை நிறுத்திவிட்டு இழுத்துப் பார்த்தால், பியூஸ் கம்பி இருக்க வேண்டிய இடத்தில் செம்புக் கம்பி மூன்று இழை முறுக்கிக் கிடக்கிறது. அடிக்கடி பியூஸ் போகிறது என்று அப்பா போட்டதாம். பதினைந்து வருடம் ஆகியிருக்கும் என்கிறார் அம்மா.